கலவாய்க்கு நான் வகுத்த பங்கு

1

நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில், நான் இருக்கும் ஊரில் மரங்கள் குறைவு. ஆகவே இலையுதிர்காலம் வந்துவிட்டதை நாங்கள் வானொலி கேட்டே அறிந்துகொள்கிறோம். அடுத்த வருடம் எவ்வளவு கொட் மீன் பிடிக்கலாம் என்ற அறிவிப்பு அந்த நாள்களில்தான் வரும். இந்த முறையும் குறைத்துவிட்டார்கள்.

அறிவிப்பு வந்த காலை, துறைமுகத்துக் கோப்பிக்கடையில் ஓய்வுபெற்ற கிழவர்கள் கூடியிருந்தோம். என்னைத் தவிர மற்ற எல்லோரும் கடலில் கிடந்து நரைத்தவர்கள். முதலில் அமைச்சரைத் திட்டினார்கள், பிறகு விஞ்ஞானிகளை, பிறகு ரஷ்யர்களை. ஒவ்வொரு வருடமும் இதே ஒழுங்குதான். நானும் சேர்ந்து திட்டினேன். ஒரு மொழியில் முறையாகத் திட்டப் பழகியவனுக்கு அந்த ஊர்க்காரன் ஆகிவிட்டதாக ஒரு நினைப்பு வரும். வினைச்சொல்லை இடம் மாற்றிப் போட்டு அவர்களைச் சிரிக்க வைப்பது எனக்கு இன்றும் நடக்கிறது. திட்டும்போது மட்டும் பிழை விடுவதில்லை.

அந்த நேரத்தில் தொலைபேசியில் ஒரு படம் வந்தது. முல்லைத்தீவிலிருந்து என் தங்கையின் மகன் சுதன் அனுப்பியது. அவனுடைய படகின் முன்னால் இரண்டு பேர் ஒரு பெரிய கலவாய் மீனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். தலைப்பக்கம் சுதன், கறுப்புக் கண்ணாடியோடு. வால்பக்கம் நிற்பவன் மெலிந்தவன்; படம் எடுப்பவரைப் பார்க்காமல் மீனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கீழே குரல்செய்தி: "மாமா, மாரி துவங்க முதல் எங்கட பங்கு முழுக்கப் பிடிச்சு முடிச்சிட்டம். எல்லாம் உங்கட புண்ணியம்."

பக்கத்தில் இருந்த கிழவர் எட்டிப் பார்த்து, "பெரிய மீன். யார் பிடித்தது?" என்று கேட்டார்.

"என் மருமகன்," என்றேன்.

அது பொய். அந்த மீனைப் பிடித்தவன் வால்பக்கம் நிற்பவன். அவன் பெயர் நிஸ்தார். அவன் தன் சொந்தப் படகில் போய்ப் பிடித்திருக்க வேண்டிய மீன் அது. அவனுடைய படகு பருவம் முழுவதும் கரையில் கவிழ்ந்து கிடந்ததற்குக் காரணம் நான். வன்னியில் இருந்து இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு அந்தக் கூட்டம் நினைவிருக்கலாம். நினைவில்லாதவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

2

நான் முல்லைத்தீவில் விஞ்ஞானம் படிப்பித்தவன். எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்தேன். வந்தவர்களில் பலர் தெற்கே நகரங்களுக்குப் போனார்கள். என்னைப் போன்ற சிலரை வடக்கின் மீன் தொழிற்சாலைகள் எடுத்தன. நான் மீன் வெட்டினேன், பிறகு தராசில் நிறுத்தேன், பிறகு மொழி கொஞ்சம் கைவந்ததும் தொழிற்சங்கத்தில் பேசப் போனேன்.

இந்த நாட்டில் வருடத்துக்கு இரண்டு முறை ஒரு பெரிய கூட்டம் நடக்கும். எந்த மீனை, எந்த மாதங்களில், எவ்வளவு பிடிக்கலாம் என்று அங்கே பேசுவார்கள். படகுக்காரர், தொழிற்சாலை முதலாளிகள், தொழிலாளர், சூழல் அமைப்புகள் என்று எல்லோருக்கும் ஆசனம் உண்டு. தொழிலாளர் பக்கத்துப் பின் ஆசனம் ஒன்றில் சில வருடங்கள் நானும் இருந்திருக்கிறேன். நான் வாய் திறந்தது மிகச் சில தடவைதான். ஆனால் கவனித்தேன். விஞ்ஞானிகள் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று சொல்லுவார்கள். அதில் எவ்வளவு எடுக்கலாம் என்ற வாக்குவாதம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னரே முடிந்துவிடும். யாருக்கு எவ்வளவு என்ற வாக்குவாதம்தான் பின்னேரம் வரை இழுபடும், முகங்கள் சிவக்கும்.

இந்தப் பின் ஆசனக்காரனை ஊரில் "நோர்வேயில மீன் சட்டம் போடுற சபையில இருந்தவர்" என்று சொன்னார்கள். யார் அப்படித் தொடங்கினது என்று தெரியாது. நான் திருத்தவில்லை என்பது தெரியும்.

3

நான் வந்த புதிதில் இங்கே கொட் மீன் அருகிப்போனது. பிடிப்பதை இடைநடுவில் நிறுத்தினார்கள். அதற்கடுத்த வருடம், தொண்ணூறில், படகு வாரியாகப் பங்கு வைத்தார்கள். அதற்கு முந்தைய சில வருடங்களில் போதிய மீன் பிடித்துக் காட்டிய படகுகளுக்குத்தான் பங்கு. கேட்க நியாயமான விதி. கூடப் பிடித்தவனுக்குக் கூட, குறையப் பிடித்தவனுக்குக் குறைய.

எங்கள் தொழிற்சாலைக்கு மீன் கொடுத்தவர்களில் ஒலாவ் என்று ஒருவர் இருந்தார். வடக்கின் ஆதிக்குடியான ஸாமி இனத்தவர். கடல் உள்ளே நுழைந்து கிடக்கும் ஒரு நீண்ட குடாவில் தனியாகச் சிறு படகில் தொழில் செய்தவர். விதி எந்த வருடங்களைக் கணக்கில் எடுத்ததோ, அந்த வருடங்களில்தான் சீல் எனப்படும் கடல்நாய்கள் கூட்டம் கூட்டமாக அந்தக் குடாக்களுக்குள் புகுந்தன. மீன் ஓடியது. வலை கிழிந்தது. ஒலாவிடம் காட்ட மீன் இருக்கவில்லை. அவரைப் போன்றவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு சிறு பொதுப் பங்கை ஒதுக்கி, முந்தியவன் பிடிக்கலாம் என்றார்கள்.

ஊர் மண்டபத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. அதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஒலாவ் எழுந்து, "அந்த வருடங்களில் எங்கள் குடாவில் மீன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார். அதிகாரி மரியாதையான மனிதர். "எந்த விதியிலும் விளிம்பில் நிற்பவர்களுக்குக் கொஞ்சம் பாதிப்பு வரத்தான் செய்யும். காலப்போக்கில் திருத்தலாம்," என்றார். நோர்வேஜிய மொழியில் நான் முழுமையாக விளங்கிக்கொண்ட முதல் நீண்ட வசனங்களில் அது ஒன்று. விளங்கிவிட்டதே என்று அன்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஒலாவ் அதன்பின் ஒரு மாரிக்காலம் பார்த்தார். பிறகு படகைக் கொடுத்துவிட்டு வீதி துப்புரவு செய்யும் வேலைக்குப் போனார்.

ஆகவே, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

4

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். பரந்தனில் இறங்கி, முரசுமோட்டை வழியாக முல்லைத்தீவுக்குப் பஸ். இரு பக்கமும் வெட்டுக்கு நிற்கும் வயல். தங்கை வீட்டில் தங்கினேன். அவள் கணவர் இல்லை. சுதன்தான் வீட்டைப் பார்க்கிறான். கெட்டிக்காரன். போர் முடிந்து திரும்பிய வருடமே கடன்பட்டுப் படகு வாங்கி, ஒரு நாளும் சும்மா இருக்காமல் தொழில் செய்து, இந்த வருடம் இரண்டாவது படகும் வாங்கிவிட்டான்.

அந்தக் கரையில் தூண்டில்காரருக்குக் கலவாய் மீன்தான் நல்ல வரும்படி. கடலடிப் பாறையான பாரோரம் வாழும் மீன்; ஐசில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அது வருடம் வருடம் சிறுத்துக்கொண்டு போனது. வாங்குகிற கொம்பனி ஒரு நிபந்தனை போட்டது. சினை வைக்கும் மாதங்களில் பிடிக்கக் கூடாது. மற்ற மாதங்களிலும் இந்தக் கரையிலிருந்து ஒரு பருவத்துக்கு ஒரு அளவுக்கு மேல் எடுக்க மாட்டோம். அந்த அளவைப் படகுகளுக்கிடையில் நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

இதைப் பேசத்தான் கடற்றொழிலாளர் சங்கம் கூடியது. தலைவர் அந்தோனி என்னிடம் படித்தவன். தங்கை வீட்டுக்கே வந்து கூப்பிட்டான்.

"சேர், நீங்கள் வந்து ரெண்டு வார்த்தை சொன்னா ஒருத்தரும் எதிர்த்துக் கதைக்க மாட்டினம். எங்கட சனத்துக்கு உள்ளூர்க்காரன் சொன்னா ஏறாது."

"நான் உள்ளூர்க்காரன் இல்லையோடா?"

"நீங்கள் பறந்து வந்தவர், சேர். அது வேற."

கூட்டத்துக்குக் கடற்றொழில் திணைக்களத்திலிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் பிள்ளை வந்திருந்தாள். "நீங்கள் ஒற்றுமையா ஒரு முடிவு எடுத்துத் தாங்கோ, நான் மேல அனுப்புறன்," என்று சொல்லிவிட்டுக் கதிரையில் அமர்ந்தாள். சினைக்காலத்தில் நிறுத்துவதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மீன் சிறுத்ததை எல்லோரும் கண்ணால் கண்டவர்கள். அந்தப் பகுதியைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

பங்கு என்று வந்தபோது செல்வமலர் எழும்பினாள். கணவனை இழந்து, கூலிக்கு ஆள் பிடித்துப் படகு ஓட்டுகிற பெண். "கரைவலைக்கு வைக்கிற மாதிரி முறை வைப்பமே? எல்லாப் படகுக்கும் நாள் வரும்," என்றாள்.

கரைவலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை அது. வலை போடக்கூடிய இடங்கள் கொஞ்சம், வலைகள் கூட. அதனால் இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை. மீன் படுகிற நாள் யாருக்கு வாய்க்கும் என்பது கடவுள் விட்ட வழி. புதிதாக வந்து சேர்ந்தவனுக்குக் கடைசி முறை. ஆனால் அவனுக்கும் முறை உண்டு.

நான் சிரித்தேன். வாய்விட்டு இல்லை, ஆனாலும் எல்லோரும் பார்க்கும்படி. மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு எழுந்து முக்கால் மணி நேரம் பேசினேன். முறை என்பது பழைய ஏற்பாடு, அதில் உழைப்பவனுக்கும் சோம்பேறிக்கும் ஒரே பங்கு, நாளைக்கு எவ்வளவு வரும் என்று தெரியாமல் யார் இயந்திரம் வாங்குவான் என்றெல்லாம் சொன்னேன். நோர்வேயில் செய்தது போல, கடைசி மூன்று வருடங்களில் ஒவ்வொரு படகும் கொம்பனிக்குக் கொடுத்த கலவாயைப் பார்த்து அந்த விகிதத்தில் பிரிக்கலாம் என்றேன்.

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப இனிக் கலவாயும் எங்களிட்டப் பதிஞ்சுபோட்டுத்தான் சினை வைக்கும் போல," என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். கூட்டம் என் பக்கம் வந்துவிட்டது என்று விளங்கியது. அந்த உணர்வு எனக்கு எவ்வளவு பிடித்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். நோர்வேயில் இத்தனை வருடங்களில் என்னோடு சேர்ந்து ஒரு மண்டபம் சிரித்ததில்லை, என் பிழைக்குத்தான் சிரித்திருக்கிறது.

வாசலோரம் நின்ற ஒருவன் கையை உயர்த்தினான். நாற்பதுக்கு மேல் இருக்கும். மெலிந்தவன்.

"சேர், நான் இந்தக் கரைக்கு வந்தே ரெண்டு வருசம் ஆகேல்லை. படகு வாங்கினது இப்பதான். கடைசி மூண்டு வருசம் எண்டா என்ர பேரில ஒண்டும் இராதே."

"தம்பி," என்றேன், "எந்தச் சட்டத்திலயும் விளிம்பில நிக்கிற ஆக்களுக்குக் கொஞ்சம் பாதிப்பு வரத்தான் செய்யும். பிறகு திருத்தலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று எனக்கே தெரிந்தது. அந்த அதிகாரி சொன்னதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியிருந்தேன். ஒரு கணம் நின்றேன். பிறகு தொடர்ந்தேன். நோர்வேயில் ஒலாவ் போன்றவர்களுக்கு ஒதுக்கிய அந்தச் சிறு பொதுப் பங்கைக்கூட நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை நாளும் எனக்குச் சொல்லிவந்தேன்.

இன்னொன்றும் உண்டு. நான் சுதனுக்காக அப்படிப் பேசவில்லை. ஆனால் "மூன்று வருடம்" என்ற சொல் வாயில் வந்தபோது, அந்த மூன்று வருடங்களில் ஆகக் கூடுதலாகக் கலவாய் கொடுத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். முதல்நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவனே பெருமையாகச் சொல்லியிருந்தான். தெரிந்தும் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

கை தட்டி ஏற்றுக்கொண்டார்கள். அந்தோனி மாலை போட்டான்.

5

கூட்டம் கலைந்த பிறகு அந்த மெலிந்தவன் கிட்ட வந்தான்.

"சேர், நான் தண்ணீரூற்று ஹனீபாவின்ர மகன். நிஸ்தார்."

தண்ணீரூற்று எங்கள் பக்கத்து ஊர்; ஹனீபா என்னோடு படித்தவன். இருவரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். அவர்களுக்குக் கடற்கரையில் வலையும் மீனும் வைக்கும் வாடியும் படகும் இருந்தன. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் வடக்கிலிருந்த முஸ்லிம் சனத்தையெல்லாம் ஆயுத இயக்கம் வெளியேற்றியபோது, உடுத்த உடுப்போடு புத்தளப் பக்கம் போனார்கள். நிஸ்தார் அப்போது சிறுவன். ஹனீபா திரும்பி வரவில்லை, அங்கேயே மௌத்தாகிவிட்டான். இவன் அங்கே ஆட்களின் படகுகளில் கூலிக்குத் தொழில் பழகி, காசு சேர்த்து, வாப்பாவின் கரைக்கே போக வேண்டும் என்று இத்தனை காலத்துக்குப் பிறகு மனைவி பிள்ளைகளோடு வந்திருக்கிறான். பழைய படகொன்றை வாங்கி, கலவாய்க்கென்றே தூண்டில் கட்டியிருக்கிறான்.

ஒலாவுடைய மண்டபக் கூட்டமும் இவர்கள் வெளியேறியதும் ஒரே ஆண்டு என்பது, அவன் கதைத்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. சொல்லவில்லை. சொல்லி என்ன?

"வாப்பா உங்களைப் பற்றிக் கதைக்கிறவர், சேர். கணேசு படிப்பிச்சா எந்த மொக்கனுக்கும் விளங்கும் எண்டு."

"அப்பிடியே சொன்னவன்?"

"ஓம். இண்டைக்கு எனக்கும் நல்லா விளங்கிச்சு."

மரியாதையாகத்தான் சொன்னான். சலாம் சொல்லிவிட்டுப் போனான். அவனைக் கூப்பிட்டு நிறுத்த எனக்கு நேரம் இருந்தது. திரும்ப உள்ளே போய், "கொஞ்சம் பொறுங்கோ, ஒரு திருத்தம்," என்று சொல்லவும் நேரம் இருந்தது. அந்த உத்தியோகத்தர் பிள்ளை இன்னும் கதிரையில்தான் இருந்தாள். கழுத்தில் மாலையோடு போய் நான் சொன்னது பிழை என்று சொல்ல வேண்டும். மாலையைக் கழற்றிவிட்டுப் போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று நான் தேநீர் குடித்தேன்.

6

இங்கே என் நாள் ஒரே மாதிரி. காலையில் கோப்பிக்கடை. பிறகு துறைமுகச் சுவரோரம் நடை. மீன் தொழிற்சாலையில் இப்போது வேறு நாட்டு இளைஞர்கள். வாசலில் ஒருவன் கொட் மீன் தலைகளை எனக்கென்று ஒரு வாளியில் எடுத்து வைப்பான். இந்தக் கிழவனுக்குத் தலையில் என்ன ருசி என்று அவனுக்கு விளங்குவதில்லை. மனைவி இறந்து சில வருடங்கள். ஒரே மகள் யாழினி தெற்கே இருக்கிறாள். அவளுடைய மகன் சதுரமாக வெட்டிப் பொரித்த மீனைத் தவிர வேறு மீன் கண்டதில்லை. போன கோடையில் வந்தபோது என் சட்டியில் கண்ணோடு கிடந்த தலையைப் பார்த்து அழுதுவிட்டான். அவனைத் தேற்ற நான் சொன்ன தமிழ் அவனுக்கு விளங்கவில்லை. நோர்வேஜியத்தில் தேற்றுவதற்கு எனக்கு வரவில்லை. ஒழுங்குவிதிகளைப் பேசத்தான் அந்த மொழியில் பழகியிருக்கிறேன்.

படம் வந்த அன்று பின்னேரம் யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "அப்பா, நீங்க அந்தச் சங்கத்தில மெம்பரா?" என்றாள்.

"இல்லை."

"கடலுக்குப் போறீங்களா?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப ஏன் உங்களைக் கேட்டவை? நீங்க ஏன் சொன்னீங்க?"

கோபம் வந்தது. உனக்கு ஊரைப் பற்றி என்ன தெரியும் என்று வாய்வரை வந்தது. அவள் கேட்டது ஊரைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி. வைத்துவிட்டு அந்தோனியை அழைத்தேன்.

"அந்தோனி, அந்த மூண்டு வருச விதியை மாத்த வேணும்."

"என்ன சேர்! இப்பதான் ஆக்கள் அதுக்குப் பழகி வருகினம்."

"அது பிழையடா. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"நீங்கள் சொல்லேக்க நாங்கள் கை தட்டினனாங்கள். இப்ப பிழை எண்டா வெக்கம் எங்களுக்குத்தானே, சேர்?" இன்னொன்றும் சொன்னான்: "முதல் ஆளா எதிர்க்கப் போறது உங்கட மருமோன்தான். அவனோட கதைச்சனீங்களோ?"

கதைக்கவில்லை. ஆகவே சுதனை அழைத்தேன். அவன் சந்தோஷமாக எடுத்தான். விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறியது.

"மாமா, நீங்கள்தானே தந்தனீங்கள்? தந்திட்டுத் திருப்பி வாங்கிறதும் நோர்வேப் பழக்கமோ?"

"நிஸ்தார் உன்ர படகில கூலிக்கு நிக்கிறான்."

"ஓம், நிக்கிறார். நல்ல தொழில்காரன். நான் குறைச்சுக் குடுக்கேல்லை, அவரிட்டயே கேட்டுப் பாருங்கோ."

"அவன் பிடிக்கிற மீன் ஆற்ற பேரில ஏறுது?"

"படகுக்காரன்ர பேரில. வேற ஆற்ற பேரில ஏறும்? அது உங்கட சட்டம்தானே, மாமா."

அந்த இடத்தில்தான் நான் செய்தது முழுவதும் எனக்கு விளங்கியது. நிஸ்தார் கூலிக்கு எவ்வளவு கலவாய் பிடித்தாலும் அது சுதனுடைய கணக்கைத்தான் பெருப்பிக்கும். அடுத்த மூன்று வருடத்தைப் பார்த்தாலும், அதற்கடுத்த மூன்று வருடத்தைப் பார்த்தாலும் நிஸ்தாரின் படகு கரையில்தான் கிடக்கும். பிறகு திருத்தலாம் என்று சொன்னேனே, அந்தப் "பிறகு" வருவதற்கே நான் இடம் வைக்கவில்லை.

"கடனில வாங்கினது ரெண்டாவது படகு," என்றான் சுதன். "பங்கைக் குறைச்சா நான் என்ன செய்யிறது? அம்மாவிட்ட நீங்களே சொல்லுங்கோ."

அவன் சொன்னதும் உண்மை. என் பேச்சை நம்பித்தான் அவன் இரண்டாவது படகை வாங்கினான்.

7

சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் தொலைபேசியில் பேச அந்தோனி ஒழுங்கு செய்தான். ஒலிவாங்கிக்குக் கிட்டத் தொலைபேசியைப் பிடித்திருப்பதாகச் சொன்னான். எனக்கு யாருடைய முகமும் தெரியவில்லை. இரைச்சலும் இருமலும் மட்டும் கேட்டன.

நான் எழுதி வைத்து வாசிக்கவில்லை. போன வருடம் நான் சொன்ன பங்கு பிழை என்றேன். நோர்வேயிலும் அது ஆட்களைக் கடலை விட்டு வெளியேற்றியதை நான் கண்டிருக்கிறேன், கண்டும் உங்களுக்குச் சொல்லவில்லை என்றேன். சட்டம் போடுகிற சபையில் நான் இருக்கவில்லை, பின்வரிசையில் இருந்து கேட்டவன் என்றேன். என் சொந்த மருமகனுக்கு அதனால் கூடப் பங்கு கிடைக்கும் என்று தெரிந்துதான் பேசினேன் என்றும் சொன்னேன். கரைவலை முறை மாதிரி எல்லாப் படகுக்கும் நாள் வையுங்கள், அல்லது வந்தவர்களுக்கு ஒரு பங்காவது முதலிலேயே எடுத்து வையுங்கள் என்று கேட்டேன்.

கேட்கிறதா என்று கேட்டேன்.

"சேர், அங்க இப்ப சரியான குளிரோ?" என்று ஒரு குரல் கேட்டது. சிரிப்பு.

பிறகு செல்வமலரின் குரல். "அண்டைக்கு நான் முறை எண்டு சொல்லேக்க சேர் சிரிச்சவர்."

"ஓம் பிள்ளை, சிரிச்சனான். என்னை மன்னிச்சுக்கொள்ளு."

"மன்னிக்கிறது கிடக்கட்டும். அண்டைக்கு நீங்கள் சிரிச்சபடியாத்தான் மற்றவையும் சிரிச்சவை. இண்டைக்கு நீங்கள் அழுதா அவையும் அழுவினமோ? அவையின்ர பங்கு அவையின்ர கையில."

அழவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் பல குரல்கள் ஒன்றாக எழுந்தன. சுதனுடைய குரல் அதில் தெளிவாகக் கேட்டது: "கடன் எடுத்தவை என்ன செய்யிறது? அதையும் மாமாவே வந்து சொல்லட்டும்!" கை உயர்த்தச் சொன்னார்கள். எத்தனை கைகள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தோனி பிறகு சொன்னான்: வரும் பருவத்துக்கும் பழைய விதிதான். பிடிக்காமல் மிஞ்சினால் அந்த மிச்சத்தை மட்டும் புதியவர்களுக்குக் கொடுப்பது. சுதன் மிச்சம் வைக்கிறவன் அல்ல என்பது எனக்குத் தெரியும், அந்தோனிக்கும் தெரியும்.

"சேர், வைக்காதேங்கோ," என்றான் அந்தோனி. "நிஸ்தார் உங்களோட கதைக்கவேணுமாம்."

தொலைபேசி கை மாறி வெளியே போவது கேட்டது. காற்று இரைந்தது.

"சேர், என்ர பேரை எடுக்காமலே எனக்காகக் கதைச்சனீங்கள். சந்தோசம்."

"ஒண்டும் நடக்கேல்லையே, தம்பி."

"அது நடக்காது, சேர். கையில உள்ளதை ஆர் விடுவினம்? நான் எண்டாலும் விடன்." சிரித்தான். "உங்களிட்ட வேற ஒண்டு கேக்கலாமே?"

"கேள்."

"உங்கட அந்த மீன் பட்டறையளில என்னை மாதிரி ஆளுக்கு வேலை கிடைக்குமோ? பிள்ளையள் வளருதுகள். இனி இஞ்ச நிண்டு என்ன செய்யிறது? வாப்பாவின்ர கரை எண்டு வந்தனான், பார்த்திட்டன், காணும்."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அங்கயும் முந்தின மூண்டு வருசக் கணக்குக் கேப்பாங்களோ, சேர்?" என்றான்.

நான் தொழிற்சாலைக்குப் போன முதல் காலை நினைவுக்கு வந்தது. மேற்பார்வையாளருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவருடைய மொழி தெரியாது. அவர் குனிந்து என் கால்களைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சோடி றப்பர் சப்பாத்து எடுத்து வந்தார்; கொஞ்சம் பெரிது. ஒரு கத்தி தந்தார். வெட்டும் மேசையில் வரிசையாக நின்ற பெண்களில் இருவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் வந்தது. நான் முன்பு எவ்வளவு மீன் வெட்டியிருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் ஒரு மீனும் வெட்டியிருக்கவில்லை.

"இல்லைத் தம்பி," என்றேன். "என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை."

"ஒண்டுமே கேக்கேல்லையோ?"

"இல்லை. சப்பாத்துத் தந்தவங்கள்."

காற்று இரைந்துகொண்டே இருந்தது. பிறகு, குரலில் கோபம் ஒன்றும் இல்லாமல், உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புகிற ஒருவனைப் போலக் கேட்டான்:

"அப்ப நீங்கள் எங்களுக்குச் சொன்ன சட்டத்தை அங்க ஆரிட்டப் பழகினனீங்கள், சேர்?"

"தெரியேல்லை," என்றேன்.

அதுவும் பொய். எனக்கென்று ஓர் இடம் கிடைத்து, அதில் நின்று, கால் சூடு பிடித்த பிறகு நானாகவே பழகினது அது.